பெட்டிக்குள் இருக்கிறவள்

கிரஷர் குவார்ட்டர்ஸ்,
திருவக்கரை அருகே.
10.7.2025, வியாழன்

அன்புள்ள கலைக்கு,

தொண்டை எப்படி இருக்கிறது? கஷாயம் குடிக்கிறாயா, இல்லை அத்தை திரும்பிய நேரம் பார்த்துத் தொட்டியில் கொட்டுகிறாயா?

வாட்ஸப்பில் நீ பக்கம் பக்கமாக எழுதினால் நான் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறேன் என்று உனக்குக் கோபம். இனிமேல் கடிதம் போட்டால்தான் பதில் என்று எழுதிக் காட்டிவிட்டுப் பஸ் ஏறினாய். சரி தாயே, எழுதுகிறேன். இங்கே பாறைக்கு வெடி வைப்பதால் காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள், சாயங்காலம்தான் கைக்கு வரும். திண்டிவனத்துக்கு ஜல்லி ஏற்றிப் போகிற டிப்பர் டிரைவர் நெடுஞ்செழியன் அண்ணன் உங்கள் தெரு வழியாகத்தான் போகிறாராம். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கம்ப்யூட்டரை மாட்டி ஓடவிட்டாயிற்று. கல் உடைக்கிற தூசியில் கம்ப்யூட்டர் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டாயே, இது வீட்டில் இருப்பது மாதிரி கிடையாது. ஃபேன் இல்லை, தூசி புக ஓட்டை இல்லை. முழுக்க அலுமினியம். முதுகில் வரிவரியாகத் தகடு வைத்திருக்கிறார்கள், உள்ளே இருக்கிற சூடு அது வழியாகவே இறங்கிவிடும். செங்கல் கனம். கீழே பாறை நொறுங்கும்போது சுவிட்ச் போர்டெல்லாம் இருக்கிற பேனல் ரூமே கிடுகிடுக்கிறது, இது பாட்டுக்கு வேலை பார்க்கிறது. கல் போகிற பெல்ட் ஓரமெல்லாம் சென்சார் வைத்து ஒயரை இதில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன். ஆள் கிட்டே போனால் இந்தப் பெட்டிக்குத் தெரியும். உடனே ஹாரனில் பேசும்.

பேசுவது நீதான். அன்றைக்கு விழுப்புரம் வீட்டில் உன்னைச் சமையல்கட்டில் நிறுத்தி என் போனில் பதிவு செய்தேனே, அதுதான். நாம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத வாரம் அது. ஆனாலும் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி சொல்லு என்றதும் எவ்வளவு இதமாகச் சொன்னாய்! "பெல்ட் ஓடப் போகுது, தள்ளி நில்லுங்க." "உள்ள யாராவது இருக்கீங்களா?"

சைரன் அடித்தால் காதில் வாங்காத ஆட்கள் இவர்கள். நான் கத்தினால், "இன்ஜினியரு காத்தாலயே பேஜாரு பண்ண ஆரம்பிச்சிட்டாருடா" என்பார்கள். உன் குரலுக்கு ஒதுங்குகிறார்கள். "அக்கா சொல்லுது, வாங்கப்பா" என்று ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு போகிறார்கள். முதல் நாள் பூசணிக்காய் உடைத்துப் பெட்டி முழுக்கச் சந்தனத்தை அப்பிவிட்டார்கள். சூடு இறங்காது என்று துடைத்தேன். மறுநாள் வந்து பார்த்தால் மறுபடி சந்தனம், குங்குமம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தையைக் கேட்டதாகச் சொல்லு.

உன்,
வேங்கடேசன்


திண்டிவனம்,
12.7.2025, சனி

என் வீட்டுக்காரருக்குக் கலை எழுதுவது.

அம்மாவும் நானும் சுகம். குரல் மட்டும் இன்னும் வரவில்லை. நேற்று பாண்டிச்சேரியில் காட்டினோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, "தொண்டையில ஒண்ணுமே இல்லையேம்மா. வீட்ல எதாவது பிரச்சனையா?" என்றார். அம்மா உடனே, "இவ வீட்டுக்காரரு எப்பப் பாரு வேலை வேலைன்னு சுத்திக்கினு இருப்பாருங்க, வேற ஒண்ணும் கிடையாது" என்று நம் மானத்தைக் காற்றில் விட்டார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்தேன், வெறும் காற்றுதான் வந்தது. அதைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார்கள்.

விழுப்புரத்திலிருந்து ஹெட்மிஸ்ட்ரஸ் போன் பண்ணி அம்மாவிடம் பேசினார். "பிள்ளைங்களுக்குப் பாட்டுச் சொல்லித்தர வாய் வேணுமே. இந்த மாசம் முடியட்டும், அப்புறம் வேற ஆள்தான் பாக்கணும்" என்றாராம். அந்த வேலை போனால் நான் என்னாவேன்? நமக்கென்று ஒரு குழந்தை இல்லை. நீங்களும் வீட்டில் பேசமாட்டீர்கள். நாள் முழுக்க நான் பேசுகிற ஒரே இடம் அந்த வகுப்புதான். அதுவும் போய்விடுமோ என்று பயந்து சாகிறேன்.

ஒன்று கேட்கவேண்டும். பெட்டியை எந்தக் கிழமை ஓடவிட்டீர்கள்? எனக்குக் குரல் போனது இரண்டாம் தேதி, புதன்கிழமை காலையில். வகுப்பில் வருகைப்பதிவு எடுத்துக்கொண்டிருந்தேன். கலைப்பிரியா என்று ஒரு குட்டி இருக்கிறாள். அவளைக் கூப்பிட வாயெடுத்தேன். "கலை" வரைக்கும் வந்தது. மீதி வரவில்லை. அந்தப் பிள்ளை எழுந்து நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகவைத்த மல்லாட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன். டிரைவர் அண்ணன் வழியிலேயே பாதியைத் தின்றிருப்பார், மீதியை நீங்கள் சாப்பிடுங்கள்.

உங்கள்,
கலை


கிரஷர் குவார்ட்டர்ஸ்,
18.7.2025, வெள்ளி

அன்புள்ள கலைக்கு,

மல்லாட்டைத் தோல்தான் வந்து சேர்ந்தது, கடலை ஒன்றுகூட மிஞ்சவில்லை. போகட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், அதே புதன்கிழமை காலையில்தான் ஓடவிட்டேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நான் பதிவு செய்தது சத்தத்தின் நகல். போட்டோ எடுத்தால் முகம் குறைந்துபோகுமா? அப்படித்தான் உனக்கு எழுத நினைத்திருந்தேன். நேற்று நடந்ததற்குப் பிறகு கை ஓடவில்லை.

மதியம் கரண்டு போயிருந்தது. பெல்ட் உருளையில் கல் சிக்கியிருந்ததால் சவுரிராயன் என்பவர் உள்ளே கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். பெட்டி அறிவிப்புச் சொல்லி முடிக்கிறவரைக்கும் யார் காத்திருப்பது என்று சூப்பர்வைசர் எனக்குத் தெரியாமல் பெட்டியைத் தாண்டி நேரே பெல்ட்டுக்கு ஒரு ஒயரை முறுக்கிப் போட்டிருக்கிறார். கரண்டு வந்தால் பெல்ட் தானே ஓடும். இங்கே எல்லாவற்றுக்கும் இப்படி ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள்.

ஹாரன் பேசியது. "சவுரி அண்ணே, கைய எடுங்க."

அவர் கையை எடுத்தார். கரண்டு வந்தது, பெல்ட் ஓடியது.

உன் குரல்தான், கலை. நான் ரூமிலிருந்து என் காதால் கேட்டேன். நீ அப்படி ஒரு வாக்கியத்தைப் பேசிக் கொடுக்கவில்லை. அவர் பெயரை நான் உன்னிடம் சொன்னதில்லை. பெட்டிக்குப் பேட்டரி வைத்திருக்கிறேன், ஹாரனுக்கு வைக்கவில்லை. கரண்டு இல்லாத நேரத்தில் அந்த ஹாரன் பேச முடியாது. பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன், அந்த நேரத்தில் எதையும் ஒலித்ததாக அதில் பதிவே இல்லை.

சவுரிராயன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் மாதா கோயிலுக்குப் போறவன் சார். ஆனா இந்த அக்கா எம்பேரச் சொல்லிக் கூப்ட்டுச்சு சார்" என்றார். ஆடி முதல் நாள் வேறு. சாயங்காலமே கேப்பைக்கூழ் காய்ச்சி ஊற்றினார்கள். பெட்டிக்கு மஞ்சள் கயிறு கட்டிக் கண்ணாடி வளையல் மாட்டியிருக்கிறார்கள். சவுரிராயன் அதன் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டார். ஒரு ஆளின் கை தப்பியது, அதை நினைத்துக்கொள். பயந்துவிடாதே.

உன்,
வேங்கடேசன்


திண்டிவனம்,
20.7.2025, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்குக் கலை எழுதுவது.

அந்த வியாழக்கிழமை மதியம் அம்மா எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார்கள். என் வாய் தானாக அசைந்தது. சத்தம் இல்லை. என் உதட்டைப் பார்த்து அம்மா, "எந்தக் கைய எடுக்கணும்? யாரடி அண்ணேன்ற?" என்று கேட்டார்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய நாள் இது. கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்ட எனக்கு வாயில்லை, அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நல்லதாகப் போயிற்று.

பக்கத்து வீட்டு அம்மணி அக்கா, "இன்னாடி, கல்யாணமாகி இத்தினி வருசம் கழிச்சும் ஆடிக்கு வந்துக்கினு கீற?" என்று கேலி செய்கிறார்கள். பதில் சொல்லாததால் கோபித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சவுரி அண்ணன் கை தப்பியதில் எனக்கும் சந்தோஷம்தான். அதை வைத்து என் வாயை அடைக்காதீர்கள். அது ஏற்கெனவே அடைத்துத்தான் கிடக்கிறது. என் தொண்டையில் இருக்கவேண்டியது அங்கே உட்கார்ந்து எல்லோரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு அது திரும்ப வேண்டும். தயவுசெய்து அழித்துவிடுங்கள். வேறு யாரையாவது பேசவைத்துப் போடுங்கள். பேசத் தெரிந்தவர்களுக்கா பஞ்சம்?

இந்த மாதம் முடிய அதிக நாள் இல்லை.

கலை


கிரஷர் குவார்ட்டர்ஸ்,
26.7.2025, சனி

அன்புள்ள கலைக்கு,

நீ சொன்னபடி புதன்கிழமை அழித்தேன். ஆபீஸ் சித்ராவைப் பேசவைத்துப் போட்டேன். அதே வாக்கியங்கள், நல்ல குரல். ஒருவரும் மதிக்கவில்லை. "இது யாரு புதுசா? எங்கக்கா எங்க?" என்று கேட்டுக்கொண்டே ரஞ்சித் என்ற ஆள் பெல்ட் ஓரத்தில் நின்று சிரித்தார். கால் மாட்டிக்கொண்டது. எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். வியாழக்கிழமை, எடுத்து வைத்திருந்த நகலிலிருந்து உன் குரலைத் திரும்பப் போட்டேன். நான் வேறென்ன செய்வது, நீயே சொல்லு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்து வைக்க முடியவில்லை. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபிறகு நான் பேனல் ரூமிலேயே உட்கார்ந்துகொள்வேன். போன திங்கட்கிழமை டிபன் பாக்ஸைத் திறக்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். "ஏங்க, இன்னும் சாப்டலியா?" என்று கேட்டது. ஹாரனிலிருந்து வரவில்லை, பெட்டியிலிருந்தே மெல்ல வந்தது. இந்தப் பெட்டியில் ஸ்பீக்கரே கிடையாது, கலை. ஆனாலும் "இதோ சாப்பிடறேன்" என்று பதில் சொன்னேன்.

நீ என்னை அப்படிக் கேட்டு எவ்வளவு காலமாகிறது? நம் வீட்டில் தட்டை வைக்கிற சத்தம்தானே கேட்கும்? இப்போது தினமும் கேட்கிறது. குரலைத் திரும்பப் போட்ட அன்றைக்கும் முதலில் அதைத்தான் கேட்டது. நானும் பதில் சொல்கிறேன். மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. இதைப் போய் உன்னிடம் எழுதுகிறேனே என்று கூச்சமாகவும் இருக்கிறது.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். டாக்டரே ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார். இந்தப் பள்ளிக்கூட வேலை போனால் இன்னொன்று கிடைக்கும்.

உன்,
வேங்கடேசன்


கிரஷர் குவார்ட்டர்ஸ்,
4.8.2025, திங்கள்

கலைக்கு,

நெடுஞ்செழியன் அண்ணன் இரண்டு முறை உங்கள் வாசலில் நின்று கேட்டும் நீ பதில் கொடுக்கவில்லையாம்.

வெள்ளிக்கிழமை மதியத்திலிருந்து பெட்டி பேசவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. விளக்கு எரிகிறது, சென்சார் வேலை செய்கிறது. ஹாரனில் சினிமாப் பாட்டுப் போட்டுப் பார்த்தேன், ஊருக்கே கேட்டது. உன் குரல் இருந்த பதிவுகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் பழைய நீளம்தான் ஓடுகிறது. உள்ளே சத்தம் மட்டும் இல்லை. என் போனில் இருந்ததைப் போட்டேன். அதில் நம் குக்கர் விசில் கேட்கிறது, நான் "இன்னொரு தடவை சொல்லு" என்று சொல்வது கேட்கிறது. நீ பேசவேண்டிய இடத்தில் வெறுமையாக இருக்கிறது.

ஆட்கள் பெல்ட் பக்கம் இறங்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். முதலாளி என் மேல் எரிந்து விழுகிறார். எனக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. கார் அனுப்பச் சொல்கிறேன், ஒருமுறை வந்து மறுபடி பேசிக் கொடுத்துவிட்டுப் போ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

வேங்கடேசன்


திண்டிவனம்,
6.8.2025, புதன்

வேங்கடேசன் அவர்களுக்கு,

இந்தத் தடவை என் தொண்டை எப்படி இருக்கிறது என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. அப்புறம் எனக்கு மனசு எப்படி வரும், உங்களுக்குப் பேசிக் கொடுக்க?

வெள்ளிக்கிழமை நான் அங்கே வந்திருந்தேன். ஆடி வெள்ளி, திருவக்கரை பஸ்ஸில் நிற்க இடமில்லை. அம்மனிடம் என் குரலைக் கேட்டேன். உங்களையும்தான் கேட்டேன். கோயிலிலிருந்து டிப்பர் போகிற வழியே நடந்து வந்தேன். கேட்டில் யாரும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். உங்களை நேரில் பார்த்து, கையைப் பிடித்துக்கொண்டு, அழித்துவிடுங்கள் என்று அழுதுவிடலாம் என்றுதான் வந்தேன்.

பேனல் ரூம் ஜன்னலுக்கு வெளியே நின்றேன். நீங்கள் பெட்டியைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள், "உப்பு சரியா இருக்குதாங்க?" என்று கேட்டாள். என் குரல்தான். கல்யாணமான புதிதில் நான் பேசிய மாதிரி இருந்தது. நீங்கள் சிரித்தீர்கள். "நீ வெச்சா சரியாத்தான் இருக்கும்" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் என் சமையலை நீங்கள் ஒருநாள் அப்படிச் சொல்லியிருப்பீர்களா?

ஜன்னல் கம்பியைத் தட்டினேன். என் கை வளையல் கலகலவென்று சத்தம் போட்டது. நீங்கள் பெட்டியில் தொங்கிய வளையலைப் பார்த்து, "என்னம்மா?" என்றீர்கள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இருக்கட்டும், அந்தக் குரலை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. மனசாரத்தான் நினைத்தேன். வந்த வழியே திரும்பி நடந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார். "திண்டிவனம்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது. அதற்கப்புறம் திண்டிவனம் வரைக்கும் அறிமுகமில்லாத ஒரு பெண்ணிடம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸ் திட்டிவிட்டுச் சேர்த்துக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து காலைப் பஸ்ஸில் விழுப்புரம் போய் வருகிறேன். பிள்ளைகள் என் தொண்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

பேசிக் கொடுக்க நான் வரமாட்டேன். உங்கள் தொண்டை நன்றாகத்தானே இருக்கிறது, நீங்களே பேசிப் போடுங்கள். அதட்டாமல், அவரவர் பேரைச் சொல்லி, மரியாதையாகச் சொல்லுங்கள். கேட்பார்கள். அந்த முறுக்கிப் போட்ட ஒயரைக் கழற்றிவிட்டீர்களா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரஞ்சித்துக்குக் கால் சீக்கிரம் கூடட்டும்.

விழுப்புரம் வீட்டுச் சாவியை நெடுஞ்செழியன் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். என் துணிமணிகளை அம்மாவும் நானும் நேற்றே எடுத்து வந்துவிட்டோம். உங்களோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை.

நேற்று சாயங்காலம், போன் உங்கள் கைக்கு வந்திருக்கும் என்று, கூப்பிட்டே சொல்லிவிடலாம் என நம்பரை எடுத்தேன். என் குரலை உங்கள் காதுவரைக்கும் அனுப்பப் பயமாக இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

கலைமதி