நாடாவுக்கு அங்கால் போன பந்துகள்

நேற்றுப் பின்னேரம் மிதிவெடி அகற்றுகிற பிள்ளை ஒருத்தி, முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வந்து, ஒரு உரப்பையை என் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாள். "ரீச்சர், இது உங்கட சாமான்தானே. பின்பக்கப் பத்தைக்குள்ள கிடந்தது" என்றாள். அவிழ்த்தால் ஹொக்கிப் பந்துகள். வெள்ளைப் பந்துகள் எல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. ஒன்றை முள்ளம்பன்றி கடித்தும் பார்த்திருக்கிறது. ஊறிய சருகின் மணம் வகுப்பு முழுவதும் அடித்தது. நீர் இருந்திருந்தால் பையைக் கவிழ்த்துக் கொட்டி, எந்தப் பந்தை எவள் தொலைத்தாள் என்று பெயர் சொல்லித் திட்டியிருப்பீர். நான் உம்மைத்தான் திட்டினேன். காய்ச்சல் என்று வவுனியா ஆசுபத்திரிக்குப் போன மனுஷி, "மீன்குழம்பை முடிச்சுப் போடாதையும், வந்திடுவன்" என்று சொல்லிவிட்டு, அப்படியே போய்விட்டால் வேறு யாரைத் திட்டுவது?

மீள்குடியேறிப் பள்ளிக்கூடம் திறந்தபோது கட்டடம் நின்ற வளவை மட்டும் வெடி எடுத்துத் துப்புரவாக்கித் தந்தார்கள். பின்பக்கம் பிறகு என்றார்கள். அந்தப் பிறகு வருவதற்குள் எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. கட்டடத்துக்கும் மஞ்சள் நாடாவுக்கும் இடையில் ஒரு மாட்டுவண்டி போகிற ஒழுங்கை அகலத்தில் மண்தரை. நாடாவுக்கு அங்கால் மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள். வேலி போட்டுத் தரச் சொல்லி நாங்கள் அலைந்த அலைச்சல் உமக்குத் தெரியும். அந்த ஒழுங்கைக்குள் பெண்பிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்கப் போவதாக நீர் சொன்னபோது, உமக்கு விசர் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். நான் கணக்கு ரீச்சர், நீர் விளையாட்டு ரீச்சர். ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்து ஒரே குசினியில் சமைத்ததால் உம்மிடம் எதையும் சொல்லலாம் என்ற துணிச்சல் எனக்கு.

நீர் ஒரு சட்டம் வைத்தீர். பந்து நாடாவைத் தாண்டினால் அது எங்கள் பந்து இல்லை. எவளும் போகக்கூடாது. அன்றைய பயிற்சி அதோடு சரி. அதனால் ஓங்கி அடிப்பது என்ற ஒன்றை எங்கள் பிள்ளைகள் பழகவே இல்லை. இடது கை மட்டையைத் திருப்ப வேண்டும், வலது கை சும்மா பிடித்திருக்க வேண்டும், பந்து ஒருபோதும் மட்டையை விட்டு விலகக்கூடாது. "தட்டாதை, தள்ளு. பந்து உன்ர மட்டையோட ஒட்டிக்கொண்டு வரவேணும்" என்று நீர் கத்துவது என் கணக்கு வகுப்பு வரைக்கும் கேட்கும். பந்துகள் முடிந்துபோன மாதங்களில் விளாங்காயை வைத்துப் பழக்கினீர். கொஞ்சம் வேகமாகப் பட்டால் காய் வெடித்துவிடும். அப்படிப் பழகிய கைகள் அவை. ஒருமுறை நானும் மட்டையைப் பிடித்துப் பார்த்தேன். "அகப்பை பிடிக்கிற மாதிரிப் பிடிக்காதையும், சோறு கிண்டிற இடமில்லை இது" என்றீர். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பிறகு நான் மட்டையைத் தொடவில்லை.

தர்சினியின் நாளை மறக்க முடியவில்லை. வட்டக்கச்சியிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவள். சட்டம் அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது, ஆனால் உடம்புக்கு ஏறியிருக்கவில்லை. பந்து உருண்டது, அவளும் நாடாவுக்குக் கீழே குனிந்து ஓடிவிட்டாள். நீர் கத்தவில்லை. என்னோடு பேசுகிற குரலில், "தர்சினி, அப்பிடியே நில். காலை எடுக்காதை" என்றீர். அவள் நின்றாள். ஊரின் மற்றப் பக்கத்தில் மிதிவெடி எடுத்துக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட நான் சைக்கிளில் ஓடினேன். அவர்கள் வந்து அவள் நின்ற இடத்துக்கு ஒரு பாதை திறக்கும்வரை நீர் நாடாவோடு நின்று கதைத்துக்கொண்டே இருந்தீர். "முழங்காலைக் கொஞ்சம் மடி. பந்து வரப்போகுது எண்டு நினை. இடது கை என்ன செய்யும், சொல்லு பாப்பம்." அந்த வெயிலில் அவள் விறைத்துப்போய் நின்றபடி பதில் சொன்னாள். வெளியே கொண்டுவந்து விட்டதும் நீர் அவளுக்கு அடிக்கவுமில்லை, கட்டிப்பிடிக்கவுமில்லை. கையில் மட்டையைக் கொடுத்து, பந்தை வாசல்வரை கொண்டுபோகச் சொன்னீர். பந்து மட்டையை விட்டு விலகாமல் அவள் கொண்டுபோனாள்.

அன்றைக்குக் குசினியில் நீர் தேத்தண்ணி ஊற்றும்போதும் நான் விடவில்லை. "இதை நிப்பாட்டும். ஒரு பிள்ளையைப் பலி குடுத்துப்போட்டுத்தான் விடுவீரோ" என்றேன். நீர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எரிகிறது. "நிப்பாட்டினா பின்னேரத்தில பிள்ளையள் எங்க நிக்கும்? உந்தப் பத்தைக்குள்ள விறகு பொறுக்கத்தான் போகும். எனக்கு முன்னால நிண்டு எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது எண்டு பழகட்டும்" என்றீர்.

பிறகு வவுனியாப் போட்டி. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பச்சைப் புல்வெளி. முதல் பாதியில் எங்கள் பிள்ளைகளிடமிருந்து பந்தை எவராலும் பறிக்க முடியவில்லை. பார்க்க வந்தவர்கள் கை தட்டினார்கள், நான் தொண்டை கிழியக் கத்தினேன். ஆனால் அவ்வளவு பெரிய இடத்தில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒரு ஒழுங்கை அகலத்துக்குள்தான் ஓடினார்கள். எதிரணி அடித்த பந்து ஒன்று பக்கக் கோட்டைத் தாண்டிப் புல்லுக்குள் போய்க் கிடந்தது. பந்து எங்களுக்கு. கோட்டடியில் நின்ற எங்கள் பிள்ளை நகரவில்லை. மற்றவர்களும் நகரவில்லை. "போய் எடுங்கோ பிள்ளை" என்று நடுவர் சொன்னார், விசில் ஊதினார், பிறகு சிரித்தார். சனமும் சிரித்தது. கடைசியில் அவரே போய் எடுத்து வந்தார். நாங்கள் தோற்றோம்.

திரும்பி வரும்போது, பஸ் மாங்குளம் தாண்டியதும் நீர் சொன்னீர்: "நான் பிள்ளையளுக்கு ஹொக்கி பழக்கேல்லையப்பா. பயப்பிடத்தான் பழக்கினனான்."

"உயிரோட இருக்குதுகள்தானே" என்றேன்.

"ஓம். இருக்குதுகள். உந்தப் பின்பக்கத்தைத் துப்புரவாக்கட்டும். ஒரு நாள் முழுக்க அடிக்கத்தான் விடப்போறன். கை ஓயுமட்டும் அடிச்சுப்போட்டு ஓடட்டும்" என்றீர்.

அந்த நாள் இன்றைக்கு வந்தது. நீர் இல்லை. நீர் போன பிறகு அதிபர் வேறு ஆளில்லை என்று ஹொக்கியை என் தலையில் கட்டிவிட்டார். இடமாற்றம் கேட்டு எழுதியிருந்த நான், இந்தப் பிள்ளைகளை நாடாவோடு தனியே விட மனமில்லாமல் அதையும் விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உம்முடைய சட்டம் ஒன்றுதான். அதைத்தான் பழக்கினேன்.

காலையில் பலகைகளைப் பிடுங்கினார்கள். நாடாவைச் சுருட்டினார்கள். பின்னேரம் அந்தப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து வைத்து, கீர்த்தனாவைக் கூப்பிட்டு, அடி என்றேன்.

"எங்க ரீச்சர்?"

"அங்கால. ஓங்கி அடி."

எனக்கு மூளை பிசகிவிட்டதோ என்று பார்த்தாள். பிறகு அடித்தாள். வெட்டி ஒதுக்கிய பற்றைகளுக்கு மேலால் பந்து துள்ளித் துள்ளிப் போய், தூரத்துப் பாலை மரத்தடியில் நின்றது. அவ்வளவு தூரம் ஒரு பந்து போய் நான் பார்த்ததில்லை. ஒருத்தியும் அசையவில்லை.

"போய் எடுங்கோ. எல்லாம் துப்புரவாக்கிப் போட்டினம்."

"நீங்கள் முதல் போங்கோ ரீச்சர்" என்றாள் கீர்த்தனா. அவள் குரலில் குறும்பு இல்லை.

எனக்குப் பயமாக இருந்தது. துப்புரவாக்கியவர்களை நம்புகிறேன், ஆனால் காலுக்கு அது விளங்கவில்லை. நாடா இருந்த இடத்தில் நின்று உம்மை நினைத்துக்கொண்டேன். ஆறுதலாக இருக்கவில்லை, ஆத்திரமாகத்தான் இருந்தது. உம்முடைய வேலையை என்னைச் செய்ய விட்டுவிட்டீர் என்ற ஆத்திரம். அந்த ஆத்திரத்திலேயே காலை வைத்தேன்.

மண் பொதுபொதுவென்று இருந்தது. பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்கும் என்று காத்துக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை. மரத்தடியில் பந்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், எல்லோரும் வந்துகொண்டிருந்தார்கள். மட்டைகளை நெஞ்சோடு அணைத்தபடி, ஒற்றை வரிசையில், என் அடி பதிந்த இடங்களில் மட்டும் கால் வைத்து.

"பரவி வாங்கோ, பிள்ளையள். ஓடுங்கோ" என்றேன். நின்றார்களே தவிர, ஒருத்தியும் பக்கத்து மண்ணில் கால் வைக்கவில்லை. இவர்களில் பாதிப்பேர் உம்மைக் கண்டதே இல்லை. பயப்படப் பழக்க எனக்கும் தெரிந்திருக்கிறது. பழகியதை எப்படி விடுவிப்பது என்று நீர் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வரிசையைத் திருப்பி, கூட்டிக்கொண்டு வந்தேன். வளவுக்குள் வந்து திரும்பிப் பார்த்தபோது மண்ணில் ஒரே ஒரு நிரை காலடிதான் இருந்தது. நானும் போன அடியிலேயே கால் வைத்துத் திரும்பி வந்திருக்கிறேன்.