கால் கேட்கப் போன பன்னிரண்டு பேர்

3-2-1964
மண்டியில் இன்று மல்லாட்டை மூட்டை நிறைய இறங்கியது. காவல்காரன் நான். கடலைக்கு வரும் ஆடு, காக்கை, திருடன் – மூன்று எதிரிகள். சீனாக்காரனைவிட இந்த ஆடுகள் மோசம்.
சீனாச் சண்டையில் போன காலுக்குப் பதில், போன வருஷம் பூனா பட்டாள ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்ட பொய்க்கால் லொடலொடவென்று ஆடுகிறது. வெட்டிய இடத்தில் சதை வற்றிவிட்டது. உரசி உரசிப் புண். பூனாவுக்குப் போனால் வேறு கால் செய்து தருவார்கள். போக ரயில் பாஸ் வேண்டும். பாஸுக்கு, பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கான ஜில்லா ஆபீஸ் கையெழுத்து வேண்டும்.

12-2-1964
விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். கோயிலுக்குப் போகவில்லை, ஆபீசுக்குப் போனேன். ஜன்னல் குமாஸ்தா, "அடுத்த மாசம் வாப்பா" என்றார். போன மாதமும் இதையேதான் சொன்னார்.

5-3-1964
அதே ஜன்னல். அதே பதில்.

14-3-1964
மண்டி முதலாளி அன்வர் பாஷா கூப்பிட்டார். "கோச்சிக்காத காஸ்பர். ஒரு நாள் வர்ற, ரெண்டு நாள் படுத்துக்கிற. உங்க ஈஸ்டர் வரிக்கும் பாக்குறேன். அப்பால வேற ஆளத்தான் போடணும்."
நல்ல மனுஷர். அவர் மேல் கோபமில்லை. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. பனியில் கால் கருகியபோதுகூட இவ்வளவு அலுப்பாக இல்லை.

24-3-1964
கோயில் உபதேசியார் தேவசகாயம் வீட்டுக்கு வந்தார். பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இந்த வருஷம் நானும் ஒருவனாம். "நாட்டுக்காகக் காலக் குடுத்தவன். உன்ன உட்டுட்டு யார உக்கார வெக்கிறது?"
குடியரசு தினத்துக்கு மாலை போட்டார்கள். இப்போது கால் கழுவுகிறார்களாம். கழுவுவது வலது பாதத்தை. எனக்குப் போனதே அதுதான்! வர முடியாது என்றேன்.
அவர் தலை மறைந்ததும் பெண்டாட்டி பாக்கியம் பிடித்துக்கொண்டாள். "எடது காலக் காட்டு. சாமி இன்னா, அளவா எடுக்கப்போறாரு?" இவள் வாய்க்கு முன்னால் எந்தப் பட்டாளமும் நிற்காது.

26-3-1964, பெரிய வியாழன்
இடது காலைத்தான் நீட்டுவதாக இருந்தேன். சாமியார் செம்பும் தட்டுமாக என் முன்னால் முட்டி போட்டார். தாங்கவில்லை. பேண்டை மடித்து, வாரைக் கழற்றி, பூனாக் காலைக் கீழே வைத்தேன். சுற்றியிருந்த துணி ரத்தத்தோடு ஒட்டியிருந்தது. பாருங்கள், எல்லாரும் நன்றாகப் பாருங்கள் – அதுதான் மனசில் இருந்தது. பக்தி இல்லை, கோபம்.
சாமியார், துணி இளகிப் பிரியும் வரை மெதுவாகத் தண்ணீர் விட்டார்.
பூசை முடிந்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வண்டிக்காரன் பிலவேந்திரன் கையைப் பிடித்துக்கொண்டான். "இம்மாம் புண்ணா? வாயத் தொறந்து சொல்லமாட்டியா? ஊருன்னு நாங்க எதுக்குடா இருக்கிறோம்?"
அழுதுவிட்டேன். கோயில் வாசலில், எல்லார் முன்னாலும்.

31-3-1964
பாதம் கழுவிக்கொண்ட பன்னிரண்டு பேரும் செஞ்சியிலிருந்து ஒரே பஸ்ஸில் ஆபீசுக்குப் போனோம். பிலவேந்திரன் பிடித்த பிடி அது. ஜன்னல்காரருக்கு வருஷக் கணக்கு முடிக்கிற நாள். எங்களைப் பார்த்து எழுந்தேவிட்டார். "என்ன கும்பல்? மறியலா?"
"இல்ல சார். இவனுக்குக் கால் கேக்க வந்திருக்கிறோம்" என்றான் பிலவேந்திரன்.
மத்தியானத்துக்குள் கையெழுத்து, முத்திரை, பாஸ்.
சந்தோஷமாகத் திரும்பினேன். வராந்தாவில் ஒரு கை இல்லாத ஒருவர். பனமலை ரங்கநாதன், அவரும் பட்டாளம். எனக்கு முன்பிருந்தே இந்த ஆபீசுக்கு நடக்கிறாராம். "உனக்குன்னு வர இத்தினி பேர் இருக்காங்க. யாரும் இல்லாதவன் இன்னா பண்றது?" என்றார்.

6-4-1964
பூனா ரயில். அன்வர் பாய் வேறு ஆள் போடவில்லை. நான் வரும்வரை பிலவேந்திரன் மண்டியில் நிற்கிறான்.

19-6-1964
புதுக் கால் நன்றாகப் பொருந்திவிட்டது. மண்டிக்கும் போகிறேன். இன்று மட்டும் லீவு – ரங்கநாதனுக்குக் கை கேட்க, பன்னிரண்டு பேரும் மறுபடி போனோம். ஜன்னல்காரர் எங்களையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இந்தாளும் உங்க ஊரா?"
"ஆமா சார்" என்றான் பிலவேந்திரன், கொஞ்சமும் கூசாமல். கையெழுத்து ஆகிவிட்டது.
கிளம்பும்போது வராந்தாவில் இன்னும் நாலைந்து பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ் வெகுதூரம் வந்த பிறகு பிலவேந்திரன், "அடுத்தது யாருக்குடா போறது?" என்றான். வேடிக்கையாகத்தான் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை.