மஞ்சள் பையோடு வந்தவர்

2024 பிப்ரவரி 12, திங்கள்

சூப்பர்மார்க்கெட்டின் புதுக் கிளையில் முதல் நாள். தகனினி வீட்டிலிருந்து ஆறு மணிக்குக் கிளம்பியும் மோட்டார்வேயில் ஒரு மணி நேரம் ஊர்ந்தேன்.

ஒடாஹுஹு கிளையில் மூன்று வருஷம் நின்றிருக்கிறேன். அதே கம்பெனி, அதே சட்டை, அதே பெயர்ப்பட்டை. ஆனால் இது வேறு உலகம். வாசலிலேயே பூக்கள். சீஸுக்கு மட்டும் தனி அறை. யாரும் உரக்கப் பேசுவதில்லை, குழந்தைகள் உட்பட. ஒடாஹுஹுவில் பாதிப் பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இங்கே "தேங்க் யூ டார்லிங்" என்கிறார்கள், என் முகத்தைப் பார்க்காமல்.

மேனேஜர் கிரேம் இங்கிலாந்துக்காரர். வாடிக்கையாளர்களே பில் போட்டுக்கொள்ளும் ஆறு செல்ஃப் செக்அவுட் மெஷின்களுக்கும் என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார். "உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, அதனால்தான் உன்னைக் கேட்டு வாங்கினேன்" என்றார். நாமக்கல்லில் ஒன்பது வருஷம் காலேஜில் காமர்ஸ் நடத்தியவளுக்கு இது ஒரு பாராட்டா? ஆனாலும் சந்தோஷமாக இருந்தது. பொய் எதற்கு, ரொம்பவே சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பாபடோயிட்டோயில் பங்கஜம் அக்கா வீட்டில் பூஜை. எந்தக் கிளைக்கு மாறியிருக்கிறேன் என்று சொன்னதும் அக்கா எல்லாரையும் திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார். "அடேயப்பா, அந்தப் பக்கமா! அங்க எல்லாம் பெரிய ஆளுங்கதானே வருவாங்க? கல்யாணிக்கு வந்த வாழ்வப் பாருங்க!"

சம்பளம் ஒரு பைசா கூடவில்லை. அதை நான் சொல்லவில்லை.

அந்தக் கடையில் நான் எதையும் வாங்குவதும் இல்லை. நம் ஆட்கள் எல்லாரும் போகும் மலிவு விலை மஞ்சள் கடைக்குத்தான் நானும் போகிறேன். கிட்டங்கி மாதிரி இருக்கும், பைகூட மஞ்சளில்தான் விற்பார்கள். நான் மட்டும் எங்கள் கடையின் கரும்பச்சைத் துணிப்பையை எடுத்துக்கொண்டு போய் அதில் போட்டுக்கொண்டு வருகிறேன். காரிலிருந்து இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்று. என் கணவர் ஆதவன் சிரிக்கிறார்: "யாருக்கு இந்த வேஷம், கல்யாணி?"

யாருக்கு?

மார்ச் 9, சனி

டீ இடைவேளையில் கிரேம் தன் ஊர்க் கதை சொன்னார். அவர்கள் நாட்டில் ஒருவர் எந்த சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறார் என்று தெரிந்தால் போதுமாம், அவர் அப்பா என்ன வேலை பார்த்தார் என்பதுவரை சொல்லிவிடலாமாம். அவர் அம்மா பெரிய கடையின் பை ஒன்றைப் பத்திரமாக மடித்து வைத்திருப்பாராம். மலிவுக் கடையில் வாங்கியதையெல்லாம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அந்தப் பைக்கு மாற்றிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைவாராம்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

போகும்போது என்னிடம் தனியாகச் சொன்னார்: "இந்த வாரம் சரக்கு நிறையக் குறைகிறது. நம் வாடிக்கையாளர் மாதிரித் தெரியாதவர்கள் வந்தால் ஒரு கண் வைத்துக்கொள்."

மாதிரித் தெரியாதவர்கள் என்றால் யார் என்று நான் கேட்கவில்லை. புரிந்துவிட்டது.

மார்ச் 21, வியாழன்

எழுதத்தான் வேண்டுமா? எழுதிவிடுகிறேன்.

மதியம் இரண்டு மணி இருக்கும். ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் உள்ளே வந்தார். பார்த்தால் ஃபிஜி இந்தியர். வயதானவர்களை வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்கள் போடும் நீல மேல்சட்டை. தோளில் மஞ்சள் கடைப் பை, புடைத்துக்கொண்டு.

அவர் உள்ளே நுழைந்ததிலிருந்தே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு சீட்டு வைத்துக்கொண்டு ஒவ்வொரு பொருளாகத் தேடி எடுத்தார். தப்பாக எதுவும் செய்யவில்லை. மெஷினில் ரொட்டியின் எடை ஒத்துவராமல் சிவப்பு விளக்கு எரிந்தது. அது தினமும் நூறு தடவை எரிவதுதான். நான் போய் என் நம்பரைத் தட்டினேன். பச்சையாகிவிட்டது. அதோடு திரும்பியிருக்கலாம்.

"ஒரு நிமிஷம், அந்தப் பையைத் திறந்து காட்ட முடியுமா?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"ஏன்? நான் என்ன செய்தேன்?"

"வழக்கமான சோதனைதான்."

"எனக்கு முன்னால் போனவர்களைக் கேட்கவில்லையே?"

உண்மை. கேட்கவில்லை. அவர்கள் தோளிலும் பைகள் இருந்தன. பின்னால் வரிசை நின்றுவிட்டது. அந்த அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். ஒரு சீஸ், ஒரு காபி பாட்டில், இரண்டு மீன் டின். அப்புறம் மூலத்துக்குப் போடும் மருந்து டியூப் ஒன்று. அதை மட்டும் உள்ளங்கையால் மூடிக்கொண்டார். கடைசியில் அடியிலிருந்து ரசீதை எடுத்துக் கொடுத்தார். எல்லாம் காலையில் மஞ்சள் கடையில் வாங்கியது. டியூப் உட்பட எல்லாம் ரசீதில் இருந்தது.

சாரி சொன்னேன். அவர் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். கிளம்பும்போது என் பெயர்ப்பட்டையைப் பார்த்தார்.

"நீ மதராஸியா?"

"ஆமாம்."

"என் அப்பா வழியும் மதராஸிதான்" என்றார். போய்விட்டார்.

திட்டியிருக்கலாம் அந்த அம்மா. ஏன் திட்டல?

மார்ச் 22, வெள்ளி

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 27, புதன்

கிரேம் ஆபீஸுக்குக் கூப்பிட்டார். அந்த அம்மாவின் பெயர் சவிதா. கடைக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பாட்டியம்மாவைக் கவனித்துக்கொள்கிறவர். அன்றைக்குச் சாமான் வாங்க வந்ததும் அந்தப் பாட்டியம்மாவுக்காகத்தான். வரிசையில் நின்றவர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரியாம். கடையில் பையைச் சோதித்தார்கள் என்று போய்ச் சொல்லியிருக்கிறாள். பாட்டியம்மாவின் மகள் அந்த ஆள் இனி வேண்டாம் என்று அவரை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிடம் சொல்லிவிட்டாள். உண்மையில் என்ன நடந்தது என்று ஏஜென்சி கடைக்கு எழுதிக் கேட்டிருக்கிறது.

கிரேம் பதிலை டைப் செய்தே வைத்திருந்தார். என் பெயரில். 'அலமாரியிலிருந்து எடுத்த பொருள் ஒன்றைத் தன் பைக்குள் வைத்தது போல் எனக்குத் தெரிந்தது. சோதனைக்குப் பிறகு அவர் போக அனுமதிக்கப்பட்டார்.'

"நான் அப்படி எதையும் பார்க்கலையே" என்றேன்.

"வைத்தார் என்று எழுதவில்லை. வைத்தது போல் தெரிந்தது என்றுதானே இருக்கிறது? அதுவும் இல்லையென்றால் எதற்காக நிறுத்தினாய் என்று உன்னைத்தான் கேட்பார்கள்." அதட்டிச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்கிற மாதிரியே சொன்னார்.

எதற்காக நிறுத்தினேன் என்று எனக்குத் தெரியும். அதை ஒரு காகிதத்தில் எப்படி எழுதுவது?

கையெழுத்துப் போட்டேன். மார்க் ஷீட்டுகளில் போட்ட அதே கையெழுத்து.

ஏப்ரல் 6, சனி

வேலை முடிந்து வெளியே வந்தால், டிராலிகள் நிறுத்தும் இடத்தில் ஒருவர் காத்திருந்தார். பெயிண்ட் தெறித்த பூட்ஸ், தலைமுடியிலும் வெள்ளைத் துளிகள். "சிஸ்டர், நான் தர்மேந்திரா. சவிதாவின் ஹஸ்பண்ட்" என்றார் இங்கிலீஷில்.

சண்டைக்கு வந்திருக்கிறார் என்று பயந்து கார் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டேன். அவர் இரண்டடி தள்ளியே நின்றார். நான் பயந்தது தெரிந்திருக்க வேண்டும்.

"அந்த வீட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாள். அந்தக் கிழவியம்மா இவள் கையால் கொடுத்தால்தான் சாப்பிடும். இப்போது ஏஜென்சி வேறு வீடும் கொடுக்க மாட்டேன் என்கிறது, உங்கள் பேப்பர் இருக்கிறதாம். சவிதா எடுக்கவில்லை, எடுக்கிற மாதிரியும் நான் பார்க்கவில்லை என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வேறு எதுவும் வேண்டாம். யார் மேலும் கேஸ் போட மாட்டோம்."

"மேனேஜரிடம் பேசுங்கள்" என்றேன்.

"மேனேஜர் பார்க்கவில்லையே சிஸ்டர். நீங்கள்தானே பார்த்தீர்கள்?"

நான் காரைத் திறந்துவிட்டேன். அவர் ஒரு காகிதத்தில் போன் நம்பரை எழுதி ஜன்னல் வழியாக நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதையாவது வாங்கினேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆதவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போட்டதையும்.

எழுந்து போய், இங்கே நிரந்தரமாகத் தங்குவதற்கு நாங்கள் போட்ட விண்ணப்பத்தின் நகலை எடுத்து வந்தார். பிறகு, "நம்ம பி.ஆர். ஃபைல் இப்பதான் ஆபீசர் கைக்குப் போயிருக்கு. பொய் ஸ்டேட்மென்ட் குடுத்தேன்னு நீயே எழுதிக் குடுத்தா என்ன ஆகும்? என் வேலையும் எப்ப வேணா போகலாம்னு இருக்கு. பி.ஆர். வர்ற வரைக்கும் எதையும் கிளறாத கல்யாணி. வந்ததும் எழுது, நானே கூட வர்றேன்" என்றார்.

"அதுவரைக்கும் அவங்க என்ன பண்ணுவாங்க?"

"வேற வேலை கிடைக்கும். இந்த ஊர்ல அந்த வேலைக்கு ஆளே இல்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று யோசிக்கவில்லை. நிம்மதியாக இருந்தது. அதுதான் அசிங்கம். நிம்மதியா இருந்துச்சு.

ஏப்ரல் 24, புதன்

கம்பளிக் கோட்டும் முத்துத் தோடுமாக வரும் ஒரு அம்மாள் இரண்டு பெரிய சால்மன் மீன் துண்டுகளை மெஷினில் விலை மலிவான 'கேரட்' என்று அழுத்தி எடை போட்டார். என் கண்ணெதிரே, அவசரமே இல்லாமல். கிரேமிடம் போய்ச் சொன்னேன். எட்டிப் பார்த்தார். "அவரா? இருபது வருஷ வாடிக்கை. விட்டுவிடு, கை தவறியிருக்கும்."

அந்த அம்மாள் போகும்போது எனக்கு "டார்லிங்" சொன்னார். நான் "ஹேவ் எ நைஸ் டே" சொன்னேன்.

ஜூன் 14, வெள்ளி

நாள் முழுக்க மழை. பங்கஜம் அக்கா வீட்டுக்கு இட்லி மாவு வாங்கப் போனேன். பேச்சுவாக்கில் அக்கா சொன்னார்: "எங்க தெரு முனையில ஒரு ஃபிஜிக்காரம்மா, சவிதான்னு. கடையில என்னமோ திருடிட்டாளாம். வேலையும் போச்சாம். பார்த்தா அப்படித் தெரியாது. உங்க கடைன்னுதான் சொன்னாங்க. உனக்குத் தெரியுமா?"

மாவு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"தெரியலக்கா" என்றேன்.

அந்தத் தெரு முனையைத் தாண்டித்தான் வரவேண்டும். எந்த வீடு என்று தெரியவில்லை. எந்தப் பக்கமும் பார்க்காமல் ஓட்டினேன்.

காலேஜ் நாட்களில், மஞ்சப்பையோடு கிராமத்திலிருந்து வருகிற அப்பா அம்மாக்களைப் பார்த்து ஸ்டாஃப் ரூமில் நாங்கள் சிரித்திருக்கிறோம். கடல் தாண்டி வந்தேன். அந்தச் சிரிப்பு மட்டும் கூடவே வந்திருக்கிறது. யாரும் எனக்குக் கற்றுத்தரவில்லை, கிரேம்கூட. அவர் ஒரு கண் வை என்றுதான் சொன்னார். யார் மேல் வைப்பது என்று எனக்கே தெரிந்திருந்தது.

ஜூன் 15, சனி

கடிதம் எழுதிப் பார்த்தேன். நாலு வரிதான். அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

பி.ஆர். இன்னும் வரவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

வந்துவிட்டது. காலை பத்தரைக்கு ஆதவன் போன் செய்து அழுதார். ஏழு வருஷம். நான் மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு "சரி, சரி" என்று மட்டும் சொன்னேன். சாயங்காலம் கேசரி கிண்டினேன். ஊருக்கெல்லாம் போன். பங்கஜம் அக்கா வீடியோவிலேயே ஆரத்தி எடுத்தார்.

எல்லாரும் ஓய்ந்த பிறகு ஆதவனைப் பார்த்தேன். நான் எதுவும் சொல்லாமலே, "ஆமா, எழுது" என்றார்.

அக்டோபர் 19, சனி

முதலில் அவர்களிடம் சொல்லிவிடலாம் என்று அந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் தர்மேந்திரா எடுத்தார். யார் என்று சொன்னேன்.

இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறார்களாம். ஜூலையில் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள். சவிதா ஒரு மோட்டலில் அறை சுத்தம் செய்கிறார். மறுபடி யார் வீட்டுக்குள்ளும் வேலைக்குப் போக மாட்டேன் என்றுவிட்டாராம்.

"எழுதித் தருகிறேன். உண்மையை அப்படியே எழுதித் தருகிறேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இப்போது எதுக்கு சிஸ்டர்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவரிடம் கொஞ்சம் பேசலாமா?"

போனைக் கையால் மூடிக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னார். தட்டு கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்கவே இல்லை.

"வேலையாக இருக்கிறாள்" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

யாருக்கும் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் கடிதத்தை எழுதி முடித்தேன். அவர் எதையும் எடுக்கவில்லை. எடுப்பது போல் நான் பார்க்கவும் இல்லை. அவருடைய உடையையும் பையையும் பார்த்து நிறுத்தினேன். மார்ச் 27 அன்று நான் கையெழுத்திட்டது பொய். ஏஜென்சிக்கு ஒரு பிரதி அனுப்பிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கிரேம் ஆபீஸுக்குப் போனேன். வேலையை விட்டு நிறுத்தினால் என்ன பேசுவது என்று காரிலேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். ஏழு மாதமாக இந்தக் கதவைத் தட்டத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

கிரேம் படித்தார். புருவத்தைச் சுருக்கினார்.

"சவிதா... யார் அது?"

சொன்னேன். பை, ஏஜென்சி, ஸ்டேட்மென்ட், எல்லாம். அவருக்கு ஞாபகமே வரவில்லை. "ஓ, இருக்கும், இருக்கும்" என்றார். "நல்லது, சொன்னாயே. ஃபைலில் போட்டுவைக்கிறேன்." காகிதத்தை ஒரு தட்டில், வேறு காகிதங்களுக்கு மேல் வைத்தார். கோபப்படவில்லை. திட்டவில்லை. எதுவுமே நடக்கவில்லை. ஏப்ரலில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாலும் இவ்வளவுதான் நடந்திருக்கும்.

நான் கதவருகில் போனதும் கூப்பிட்டார். "கல்யாணி, இந்த வாரக்கடைசி லேபர் டே லீவு, ஆளே இல்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வர முடியுமா?"

வருகிறேன் என்றேன்.