வலம் என்றால் எந்தப் பக்கம்

வியாழக்கிழமை

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இல்லையென்றாலும் நீ சொல்லப்போவதில்லை. இங்கே நாங்கள் மூவரும் சுகம். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. காற்று போகும் வாயை வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டு. எங்களுக்குத்தான் காதைப் பொத்திக்கொள்ள நேரமில்லை.

உன் கார்டு வந்தது. ஐந்து மாதத்தில் வந்த முதல் கார்டு, அதிலும் மூன்றே வரி. டைனமோவைப் பிரித்து செம்பைத் தனியாகவும் இரும்பைத் தனியாகவும் போட்டுவிடுங்கள், என் கணக்கு தப்பு, இனி யாரும் அதை ஓட்ட வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். உன் அத்தானிடம் கொடுத்தேன். இருக்கிற கண்ணுக்கு நேரே பிடித்து இரண்டு முறை படித்தார். உப்பு கூடிப்போச்சுன்னா பானையையே உடைக்கச் சொல்வானா இவன் என்று கேட்டுவிட்டு, கார்டை நான்காக மடித்து லேத்தின் காலுக்கு அடியில் செருகிவிட்டார். இப்போது லேத் ஆடுவதில்லை. ஏதோ, அந்த மட்டில் உன் கார்டுக்கும் ஒரு உபயோகம்.

ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிக்கவில்லை, பிரிக்கவும் மாட்டேன்.

அன்று நடந்ததை நீயும் நானும் ஒருமுறைகூட வாய்விட்டுப் பேசிக்கொள்ளவில்லை. நான் எழுதிவிடுகிறேன். முதல் தடவை ஓட்டிப் பார்த்தோம், விளக்கு எரியவில்லை. வேகம் போதவில்லை என்று நீ இன்னும் கூட்டச் சொன்னாய். கூட்டினோம். அப்போதும் எரியவில்லை. மறுபடியும் கூட்டினோம். சுழலும் உருளையின் மேல் செம்புச் சுருள்கள் பறந்துவிடாமல் இறுக்கிச் சுற்றியிருந்த கட்டுக்கம்பி அறுந்து, அத்தானின் வலது கண்ணில் அடித்தது. மறுநாள் விடியும்போது உன் பெட்டியும் இல்லை, நீயும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் கண் விழித்து உட்கார்ந்திருந்த எனக்கு, நீ போன செய்தியைப் பக்கத்து மாவு மில்காரர் வந்துதான் சொன்னார்.

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. டாக்டரம்மா கண்ணில் இருந்த துணுக்கை எடுத்தபோது, நர்ஸ் மண்ணெண்ணெய் விளக்கை வாசற்படி ஓரமாகப் பிடித்துக்கொண்டு நின்றாராம். மயக்க மருந்தின் ஆவியில் தீப் பற்றிக்கொள்ளும், கிட்டே கொண்டுபோகக் கூடாது. வெளிச்சம் இன்னும் இரண்டு முழம் அருகில் இருந்திருந்தால் பார்வையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிறகு டாக்டரம்மாவே சொன்னார். சொன்னதோடு விடவில்லை. உங்க மெஷின் எப்பத்தான் ஓடும் என்று கேட்டார். மழைக்காலத்தில் அந்த அறையில் பகலிலேயே இருட்டு. கண்ணாடிக் குமிழ் விளக்கு ஆறு வாங்கிப் பஞ்சில் பொதிந்து வைத்திருக்கிறார். அத்தான் எழுந்து நடக்க ஆரம்பித்த அன்றே பட்டறையைத் திறந்துவிட்டார்.

உருளையை நான் மறுபடி சுற்றிவிட்டேன். பழைய படுக்கை விரிப்புகளை நாடாவாகக் கிழித்துக் கம்பிக்குச் சுற்றி, அரக்குக் கரைசல் பூசிக் காயவைத்தேன். வீடு முழுக்க அந்த வாடைதான். உருளையின் இரும்புத் தகடுகளுக்கு நடுவே வைக்கும் காகிதத்துக்கு உன் பழைய கணக்கு நோட்டுகளைத்தான் வெட்டினேன். கோபித்துக்கொள்வதானால் நேரில் வந்து கோபித்துக்கொள். கட்டுக்கம்பியை உன் படத்தில் இருக்கிறபடி இருபது சுற்று சுற்றி, மூன்று முறை எண்ணிப் பார்த்துத்தான் ஈயம் வைத்தேன். உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரியில் பட்டினி கிடக்காதே.

இப்படிக்கு,
உன் அக்கா

திங்கட்கிழமை

அன்புத் தம்பிக்கு,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருக்கிறாய். கல்லுக்குக் காது உண்டு என்று நம்பி மறுபடி எழுதுகிறேன்.

சனிக்கிழமை மெஷினை ஓட்டினோம். மில்காரர் அரைத்து முடித்ததும் சுவர் ஓட்டை வழியாக வரும் அவர் எஞ்சின் தண்டிலிருந்து பெல்ட்டை மாட்டினோம். மிதமான வேகம்தான். அதற்கு மேல் ஒரு சுற்றும் கூட்டக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அத்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனால் கேட்டுக்கொண்டார். பெண்ணை மில்காரர் வீட்டில் விட்டிருந்தேன். உருளை பம்பரம் போல ஆடாமல் சுற்றியது, சூடும் இல்லை. விளக்கு மட்டும் எரியவில்லை.

இந்த முறை வேகத்தைக் கூட்டுவதற்குப் பதிலாக உட்கார்ந்து யோசித்தோம். திசைகாட்டியின் மேல் கம்பியைச் சுற்றி, மெஷினின் இரண்டு முனைகளையும் அதில் சேர்த்துப் பார்த்தேன். காந்தச் சுருளுக்குப் போகும் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டினால், ஊசி ஒரு விரற்கடை நகர்கிறது. ஆகக் கொஞ்சம் மின்சாரம் வருகிறது. அந்தக் கம்பியைச் சுருளோடு சேர்த்ததும் ஊசி இன்னும் நகர வேண்டுமா இல்லையா? நகரவில்லை. இருந்ததும் போய், பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறது. பத்துத் தடவை செய்து பார்த்துவிட்டேன்.

நீதானே எனக்குச் சொல்லிக்கொடுத்தாய்? இரும்பில் எப்போதும் துளிக் காந்தம் ஒட்டிக்கொண்டிருக்கும். அது துளி மின்சாரத்தை உண்டாக்கும். அந்த மின்சாரம் சுருளுக்குள் போய்க் காந்தத்தை வளர்க்கும், வளர்ந்த காந்தம் மின்சாரத்தை வளர்க்கும், சாம்பலில் கிடக்கும் கங்கை ஊதி ஊதி நெருப்பாக்குவது மாதிரி என்று. நம் மெஷின் கங்கை ஊதவில்லை, தண்ணீர் தெளித்து அணைக்கிறது. வேலியே பயிரை மேயுது என்றார் அத்தான். இப்படி இருக்கும்போது எவ்வளவு வேகம் கூட்டினாலும் எரிந்திருக்காது என்பது எனக்கே புரிகிறது. ஏன் அணைக்கிறது என்பதுதான் புரியவில்லை. சுருளின் முனைகளை உன் படத்தோடு வைத்து நான்கு முறை சரிபார்த்துவிட்டேன்.

எதிர்க்கடைத் தகரக்காரர், உங்க மெஷின் மாவு மில்லுக்கு விசிறியா போட்டுடலாமே, காத்தாவது வரும் என்று கேட்டார். அத்தான் சிரித்துக்கொண்டே, முதல் விளக்கு உங்க கடை வாசல்லதான், நீங்க கலப்பட ஈயம் வைக்கிறது ஊருக்கே தெரியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்குள் வந்த பிறகு அவர் சிரிக்கவில்லை. டாக்டரம்மா மேலும் மூன்று வாரம் பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். மேகம் இப்போதே கூடிவிட்டது.

எனக்கு ஆறுதல் வேண்டாம். அந்த ஊசி ஏன் திரும்புகிறது என்று மட்டும் எழுது. நீ எழுதாவிட்டாலும் நான் கண்டுபிடிக்கத்தான் போகிறேன், நாள்தான் கூடும்.

இப்படிக்கு,
உன் அக்கா

ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தம்பிக்கு,

நேற்று உன் கார்டு வந்தது. பெல்ட் நேராகவா, குறுக்காகவா? அவ்வளவுதான், நலம் விசாரிப்பு கூடக் கிடையாது. படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அந்தக் கேள்வி உனக்குத் தோன்றியிருக்கிறது என்றால், ஐந்து மாதத்துக்குப் பிறகு நீ மறுபடி நம் மெஷினை யோசித்திருக்கிறாய்.

பதில், நேராக. ஆனால் அதை நாங்கள் புதன்கிழமையே கண்டுபிடித்துவிட்டோம். எப்படி என்று கேள்.

உன் படத்தில் ஓர் ஓரமாக இரண்டு சொல் எழுதியிருக்கிறாய், வலம் சுற்று என்று. புதன்கிழமை மெஷின் ஓடிக்கொண்டிருந்தபோது, இது இடம் சுத்துதே என்று சும்மாதான் சொன்னேன். நான் எப்போதும் போல உருளையிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் பிரஷ் இருக்கும் பக்கம் என் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் பெல்ட் பக்கம், சுவரோரமாக நின்றார். வலம்தான் சுத்துது என்றார். இல்லை, இடம் என்றேன். எனக்கு இருக்கிறது ஒரு கண்ணு, அதுக்கே வலம்னு தெரியுது, உனக்கு ரெண்டு இருந்தும் தெரியலையா என்றார். அந்த ஒண்ணையும் கழுவிட்டு வந்து பாருங்க என்றேன். இந்த மாதிரி பேச்செல்லாம் இப்போது எங்கள் வீட்டில் சகஜம், பயப்படாதே. காட்டுகிறேன் பார் என்று விரலை நீட்டிக்கொண்டே என் பக்கம் வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்ப அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், வந்தார், மறுபடி போனார். அப்புறம் தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

உன் தம்பி எந்தப் பக்கம் நின்னு படம் போடுவான் என்று கேட்டார். நீ எப்போதும் என் பக்கம்தானே முக்காலியைப் பிடுங்கிக்கொண்டு உட்காருவாய். உனக்கு வலம் என்றால் பிரஷ் பக்கத்திலிருந்து வலம். லேத்காரருக்கு உலகம் பெல்ட் மாட்டும் புல்லியிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அவருடைய வலத்துக்குத்தான் பெல்ட்டை நேராக மாட்டினார். மெஷின் பின்னோக்கிச் சுற்றியிருக்கிறது, துளி மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து துளிக் காந்தத்தைத் தின்றிருக்கிறது. மூணு பேரும் ஒரே வீட்டுல சாப்பிட்டோம், ஒருத்தருக்கும் கேக்கத் தோணலையே என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், கொஞ்ச நேரத்தில் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

பெல்ட்டைக் கழற்றி ஒரு முறுக்கு முறுக்கிக் குறுக்காக மாட்டினோம். சுருளைச் சேர்த்தேன். ஊசி திரும்பவில்லை, விலகிக்கொண்டே போய் முட்டி நின்றது. மெஷினின் சத்தம் கனத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் திணறி, என்னய்யா பண்றீங்க என்று மில்காரர் கத்தினார். விளக்கின் இழை முதலில் சிவந்தது, பிறகு மஞ்சள், அப்புறம் பார்க்க முடியாத வெள்ளை. அன்று ஓட்டிய வேகத்தில் பாதிகூட இல்லை, தம்பி. அத்தான் குமிழுக்கு அருகே கையை விரித்துத் தன் ரேகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இதோடு கடிதத்தை முடித்தால் நல்ல கடிதமாக இருக்கும். ஆனால் முடிக்க முடியாது. எல்லாத் தப்பும் அந்த ஒரு சொல்லில்தான் என்று நீ நினைத்துக்கொள்வாய், அதையும் உன் தலையிலேயே போட்டுக்கொள்வாய்.

மெஷின் பின்னோக்கிச் சுற்றினால் விளக்கு எரியாது. கட்டுக்கம்பி ஏன் அறுந்துபோக வேண்டும்? உன் படத்தில் இருபது சுற்று. அன்று பதினாலாவது சுற்றில் கம்பி தீர்ந்துவிட்டது. மறுநாள் வாங்கியிருக்கலாம். நீங்கள் இருவரும் பெல்ட்டை வைத்துக்கொண்டு, முடிஞ்சுதா முடிஞ்சுதா என்று நின்றீர்கள். போதும் என்று நினைத்து ஈயம் வைத்து மூடிவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அத்தான் படுத்திருந்தபோதும் வாய் வரவில்லை. நீ பெட்டியோடு போய்விட்டாய் என்று தெரிந்தபோது, உன் பின்னாலேயே ஓடி வந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் இருந்தேன். உன் கணக்கு தப்பு என்று நீ எழுதிய கார்டைக் கையில் வைத்துக்கொண்டும் சொல்லவில்லை. ஐந்து மாதமாக என் பாவத்தை உன் முதுகில் ஏற்றிவிட்டுச் சோறு தின்றிருக்கிறேன்.

வியாழக்கிழமை அத்தானை ஒரு வேலையாக வெளியே அனுப்பிவிட்டு, மெஷினை நான் தனியாக ஓட்டினேன். நடுவில் மரப்பலகையை மறைப்பாக வைத்துக்கொண்டு, அன்று ஓடிய அதே வேகத்துக்குக் கொண்டுபோய் ஒரு மணி நேரம் விட்டேன். நிறுத்தி, கையால் தடவிப் பார்த்தேன். இருபது சுற்றில் ஒன்றுகூட இளகவில்லை. உன் கணக்கு சரி. அன்றைக்கும் சரியாகத்தான் இருந்தது.

அவர் வந்ததும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போய் லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. இன்று காலை கை கழுவும்போது, அவனுக்கு எழுதினியா என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். முதல்ல அதை எழுது, அப்புறம் நீயும் நானும் பேசலாம் என்றார். அதனால்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதே. அவர் கேட்பதற்கு முன்பே மூன்று தாளைக் கிழித்துப் போட்டிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் மெஷினை வைக்கிறோம். அதற்கு உன்னைக் கூப்பிடவில்லை; அந்த வேலையை நாங்களே பார்த்துக்கொள்வோம். நான் கேட்பது வேறு. மன்னித்துவிட்டேன் என்று கார்டில் எழுதி அனுப்பிவிடாதே, அதை என்னால் தாங்க முடியாது. வந்து, அத்தானுக்கு முன்னாலேயே, மனதில் இருப்பதையெல்லாம் சொல்லி என்னைத் திட்டு. குறுக்கே ஒரு வார்த்தை பேச மாட்டேன். திட்டி முடித்த பிறகும் போகத்தான் வேண்டும் என்று இருந்தால் போ, தடுக்க மாட்டேன். அதற்கு முன்னால் ஒருவேளை மட்டும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடு.

நீ குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா