அண்ணன் கொடுத்த கொயினா

தென்காசி,
1943 அக்டோபர் 3, ஞாயிறு.

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு, தங்கை ஞானபாக்கியம் தோத்திரம் சொல்லி எழுதுவது.

அஸ்ஸாம் பக்கம் மிலிட்டரி ஆஸ்பத்திரி வேலையில் சுகமாக இருப்பதாக நீங்கள் போட்ட கார்டு கிடைத்தது. அம்மா சுரண்டையில் சித்தி வீட்டில்தான் இருக்கிறாள். கண் முன்னைவிட மங்கல். உங்கள் கார்டை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாளாம். நம் தெருவில் மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் கியூ நிற்கிறோம். மற்றபடி யுத்தம் எங்களை இன்னும் ஒன்றும் செய்யவில்லை.

என் வீட்டுக்காரருடைய காரியத்தை முன்பே எழுதியிருப்பேன். அவர்தான் எழுத விடவில்லை.

போன வருஷம் ஆரியங்காவு ஸ்டேஷனில் வேலை பார்க்கையில் மலைக்காய்ச்சல் கண்டு அவரை ரயிலில் படுக்கவைத்துக் கொண்டுவந்தபோது நீங்கள் லீவில் வந்திருந்தீர்கள். நீங்களே கொயினா மாத்திரையைக் கரைத்து, கிட்டித்த பல்லைத் திறந்து ஊட்டினீர்கள். அந்த வாரம் நீங்கள் இல்லாவிட்டால் இன்றைக்கு அவர் இல்லை. இதை நான் மறக்கமாட்டேன். அவரும் மறக்கவில்லை.

நீங்கள் பட்டாளத்துக்குத் திரும்பின பிறகு காய்ச்சல் முழுக்க விட்டது. ஆனால் காதில் ஒரு சத்தம் வந்து சேர்ந்தது. முதலில் சில்வண்டு ஏதோ வீட்டுக்குள் புகுந்துவிட்டது என்று பானை, பெட்டி எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினார். என்னையும் தேடச் சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றேன். அப்படியே என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணா, அந்தப் பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை.

அவர் வேலையோ காதால் செய்கிற வேலை. தந்திக் கருவி தட்டுகிற தட்டைக் கேட்டு எழுத்தாக்க வேண்டும். பிப்ரவரியில் ஒருநாள் இங்கே தென்காசி ஸ்டேஷனில், செங்கோட்டையிலிருந்து வந்த செய்தியில் ஒரு வார்த்தை பிடிபடவில்லை. திரும்ப அனுப்பச் சொன்னார். அப்போதும் பிடிபடவில்லை. எழுந்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "ஐயா, இனிமே என் காத நம்பி வண்டிய விடாதீங்க" என்று சொல்லிவிட்டாராம். பாயிண்ட்ஸ்மேன் சுடலைமாடன் வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது கூட்ஸ் ஷெட்டில் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிறார்.

செய்யாத வைத்தியம் இல்லை. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டோம். வேப்பம்பட்டைப் புகை பிடித்தோம். எதிர்வீட்டு மாடத்தி இது செய்வினை என்று சொல்லி ஒரு ஆளைக் கூட்டிவரப் பார்த்தாள். நான் வேண்டாம் என்றேன். குருவானவர் வீட்டுக்கே வந்து ஜெபித்தார். பாதி ஜெபத்தில் இவர் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால்தான் அது அதிகம் கேட்கிறதாம்.

ஈஸ்டர் முடிந்து பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு டாக்டர், கவை மாதிரி இருந்த இரும்பைத் தட்டிக் காதோரம் பிடித்துப் பார்த்தார். என்னென்ன மருந்து சாப்பிட்டீர் என்று விசாரித்தார். கொயினா சிலருக்கு இப்படிச் செய்யும் என்றார். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம், சிலருக்குச் சரியாவதில்லையாம். இதற்கு என்னிடம் மருந்தில்லை அம்மா என்று என்னைப் பார்த்துச் சொன்னார். மறுபடி கொயினா சாப்பிட்டால் சத்தம் கூடலாம், காதே கேட்காமலும் போகலாம் என்றார்.

இதை வாசித்து நீங்கள் மனம் நோகக்கூடாது. திரும்பி வருகையில் ரயிலில் அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "மச்சானுக்கு இத எழுதாத. எனக்கு உசிரக் குடுத்தவரு. கேட்டா தாங்கமாட்டாரு."

ஜூனில் குற்றாலத்தில் சீசன் பிறந்தது. குளித்தாலாவது உடம்பு குளிரட்டும் என்று கூட்டிப்போனேன். பெரிய அருவி இரைந்து விழுகிறது. ஓரத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று என் காதோடு குனிந்து, "ஞானம், அது கேக்கல" என்றார். அருவிச் சத்தம் அதை அமுக்கிவிட்டது. அத்தனை ஜனங்கள் ஈரத்துணியோடு போகவும் வரவும் இருக்க, அப்படியே பாறையில் சாய்ந்து தூங்கிவிட்டார். சாரல் முகத்தில் விழாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

சீசன் முழுக்க வேலை முடிந்ததும் நடந்தே போய்வந்தார். முகம் தெளிந்தது. செப்டம்பர் பிறந்ததும் தண்ணீர் நூலாய் இறங்கிவிட்டது. அப்போதும் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தேடிப் போனேன். ஒரு ஆளும் இல்லாத இடத்தில், பாறையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

அண்ணா, புதன்கிழமை முதல் குளிர்காய்ச்சல் திரும்பவும் வந்துவிட்டது. போன வருஷத்துக் காய்ச்சலேதான். கொயினா விற்கிற தபாலாபீஸில் கேட்டால் பொட்டலம் வந்து மாதக்கணக்காகிறது, எல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது என்கிறார்கள். அடுத்த வீட்டு ராபியா தன் புருஷன் மூசாவைச் செங்கோட்டைக்கு அனுப்பி, யாரையோ கெஞ்சி ஒரு பொட்டலம் வாங்கிவரச் செய்தாள். என் கையில் வைத்து, "மொதல்ல ஆளு பெழைக்கட்டும், மத்தத பெறவு பாப்போம்" என்றாள்.

அவரோ பொட்டலத்தைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "காச்சலு ஒரு நேரமாவது விடுது, ஞானம். இது விடல்லியே. இதுக்கு மேல கூடிச்சின்னா நான் இருக்கமாட்டேன். குடுத்துராத" என்றார். நேற்று முழுக்கப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன். இன்று கோயிலுக்கும் போகவில்லை. காலையில் கஞ்சி கொண்டுபோனபோது என்னை யார் என்று கேட்டார்.

உங்களைக் கேட்டுச் செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இது உங்கள் கைக்கு வந்து பதில் வருவதற்குள் என்ன ஆகும் என்று எனக்கே தெரிகிறது. ஆகையால் இதை மடித்து ராபியாவிடம் தபாலில் போடக் கொடுத்துவிட்டு, மாத்திரையைக் கரைக்கப் போகிறேன்.

தெளிந்து எழுந்து ஏன் கொடுத்தாய் என்று கேட்டால், கொடுக்கச் சொல்லி அண்ணன் எழுதியிருந்தார் என்று சொல்வேன். உங்கள் பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசமாட்டார். கோபித்தாலும் நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள். நான் தினமும் அவர் முன்னால் நிற்க வேண்டும். நான் அப்படி எழுதவில்லையே என்று மட்டும் அவருக்கு எழுதிவிடாதீர்கள்.

அங்கே பெரிய டாக்டர்கள் இருப்பார்கள். இந்தச் சத்தம் என்றைக்காவது நிற்குமா என்று கேளுங்கள். நிற்கும் என்றால் அவர் பேருக்கே எழுதுங்கள். நிற்காது என்றால் அவர் பேருக்கு வேறு சங்கதி ஏதாவது எழுதுங்கள்.

குண்டு விழுகிற இடத்தில் இருக்கிறீர்கள் அண்ணா. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்கள் உயிரையும், இரண்டு காதையும், படுத்தால் வருகிற தூக்கத்தையும் காப்பாராக.

தங்கள் ஜெபத்தை வேண்டும் தங்கை,
ஞானபாக்கியம்