ஜாமீன் கையெழுத்து

அன்புள்ள அண்ணா,

அண்ணியும் பிள்ளைகளும் நல்லா இருக்காங்க. நீ ஏன் போனேன்னு நான் கேட்கப் போறதில்லை.

கான்ட்ராக்ட் எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டடத்தைப் பாதியில விட்டுட்டு நீ போன மறுநாளே பொதுப்பணித்துறை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "உங்க அண்ணனுக்கு ஜாமீன் போட்டது நீங்கதானே? ஒண்ணு நஷ்டத்தைக் கட்டுங்க, இல்லை வேலையை முடிச்சுக் கொடுங்க." நீ வந்துடுவேங்கிற நம்பிக்கையில, "முடிச்சுக் கொடுக்கிறேன் சார்"னு சொல்லிட்டேன்.

உன் மேஸ்திரி, "தையல் மிஷின் மிதிச்சவங்களுக்குக் கம்பி கட்டுறதைப் பத்தி என்ன தெரியும்?"னு முறைச்சார். இப்போ என்னைக் கேட்காம ஒரு சென்ட்ரிங் பலகையைக்கூடப் பிரிக்க மாட்டார்.

மழையில சாரம் சரிஞ்சு ஒரு கொத்தனாருக்குக் கால் உடைஞ்சது. வேலையாட்களோட இன்சூரன்ஸை விடாம புதுப்பிச்சு வெச்சிருந்தேன். வைத்தியத்துக்கு அவர் யார்கிட்டயும் கையேந்தலை. இப்போ நல்லா நடக்கிறார்.

நேத்து கட்டடத்தை ஒப்படைச்சேன். "கல்வெட்டுல கான்ட்ராக்டர்னு யார் பேரைப் போடணும்மா?"ன்னு அதிகாரி கேட்டார். உன் பேர் வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா என் பேரைத்தான் சொன்னேன், நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு.

அடுத்து ஒரு பள்ளிக்கூடம் கட்டுற வேலை என் பேருக்கே கிடைச்சிருக்கு. அதுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் வேணும். அண்ணி போடறேன்னாங்க, நான்தான் வேண்டாம்னுட்டேன்.

நீ வந்து போடு.

உன் தங்கச்சி