ஜெனிக்குப் பிடிக்காத பின்பாதி

அன்புள்ள எஸ்தர் மதினிக்கு,

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. தலை நரைத்த இந்த வயதில், பிள்ளைகள் படிக்கிற கதைப் புத்தகம் ஒன்றுக்குப் பயந்து விளக்கைப் போட்டுக்கொண்டே தூங்குகிறேன். நீங்கள் இருந்திருந்தால் லைன் வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்.

உங்கள் மகள் ஜெனி பள்ளிக்கூட நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகம். நான் எழுத்துக்கூட்டிப் படித்தால் ஒரு பக்கத்துக்கே பொழுது சாய்ந்துவிடுமே! அதனால் நான் பனியனில் பிசிறு நூல் வெட்ட, அவள் சாயங்காலங்களில் சத்தமாக வாசித்தாள்.

வரப்போகிற காலத்தில் ஒரு நகரம். அங்கே யாராவது செத்துப்போனால், மறுநாளே அரசாங்கம் அந்த வீட்டுக்கு வேறோர் ஆளை அனுப்பிவிடும். செத்தவர் பேர், செத்தவர் துணி, செத்தவர் வேலை. வீட்டார் பழையபடியே கூப்பிட வேண்டும். "இது எங்கம்மா இல்லை" என்று சொல்கிற பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். அம்மாவை இழந்த ஒரு பெண்பிள்ளை பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, கடைசியில் துப்பாக்கி எடுத்து அந்த நகரத்தையே கொளுத்துகிறாள்.

"எப்படிட்டி இருக்கு கதை?" என்று கேட்டேன்.

"முதல் பாதி செமங்க அத்தை. பின்பாதி வேஸ்ட்டு."

பாருங்கள், நாம் இன்னும் திருநெல்வேலிப் பேச்சு பேசுகிறோம். இவள் இந்தப் பனியன் ஊரிலேயே பிறந்து 'ங்க' போடுகிறாள்.

"ஏம்ட்டி, சண்டை நல்லாத்தானே இருந்துச்சு? ஊரையே வேட்டு வச்சுட்டாளே!"

"அவ கொளுத்தறதெல்லாம் சரிங்க. அம்மாவுக்குப் பதிலா ஒரு பொம்பள வந்துச்சே, அதுக்கு நெசப் பேரு என்னன்னு ஒருத்தராவது கேட்டாங்களா? அதுவும் ஏதோ ஒரு ஊட்டுல இருந்துதானுங்க வந்திருக்கும். எழுதினவங்களுக்கே அது தோணல."

எனக்குப் பிசிறோடு பனியனும் சேர்ந்து வெட்டுப்பட்டது.

ஏனென்றால் மதினி, அண்ணனுக்கு ஓர் இடம் பார்த்திருக்கிறோம். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி டெய்லர், புருஷனை இழந்தவர்கள். "ஜெனி சரின்னாத்தான் சரி. அவ முகம் சுருங்குச்சுன்னா இந்தப் பேச்சே வேண்டாம்" என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். அவளிடம் சொன்னோம். புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தம்மா வீடு பார்க்க வந்தார்கள். வழியில் மழை, தொப்பலாக நனைந்துவிட்டார்கள். நான் அவசரத்தில் பீரோவைத் திறந்து கைக்கு வந்த சேலையைக் கொடுத்தேன். உங்கள் மயில்நீலம். அதைக் கட்டிக்கொண்டு, சும்மா உட்காராமல் காபி போட அடுப்படிக்குப் போனார்கள்.

முதுகு மட்டும் தெரிந்தது. "மதினி, எனக்குச் சீனி தூக்கலா" என்று நானே வாயெடுத்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து ஜெனி மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து வந்து வாசலில் நின்றாள். "அம்மா" என்றாள்.

அந்தம்மா திரும்பினார்கள்.

பிள்ளை வெளிறிப்போய் உள்ளறைக்குப் போனாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். வெளியே வரும்போது கையில் அவளுடைய நைட்டி இருந்தது.

"இத மாத்திக்கங்க. அது எங்கம்மா சேலைங்க." கொஞ்சம் நின்றாள். "உங்க பேரு என்னங்க?"

"சகாயமேரி, கண்ணு."

"சகாயாக்கான்னு கூப்பிடறேன். அம்மான்னு வராதுங்க."

"எனக்கும் அதே போதுஞ் சாமி. இந்தச் சேலையக் கட்டுனதுல இருந்து ஆரோ பின்னால நிக்கற மாதிரியே இருக்குது" என்றார்கள்.

பின்னால் நின்றது நீங்கள்தானா மதினி? கோபத்தோடா, சும்மா பார்க்கத்தானா?

நைட்டி சகாயாவுக்கு முழங்காலைத் தாண்டவில்லை. ஜெனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓரமாக நின்ற அண்ணனும் பார்த்தார். சாயங்காலம் ஜெனி என்னிடம் வந்து, "அப்பாகிட்ட சரின்னு சொல்லிருங்க அத்தை" என்றாள்.

எனக்குத்தான் விளக்கை அணைக்க மனம் வரவில்லை. அடுப்படியில் சேலை சரசரத்தால், எட்டிப் பார்ப்பதா, போர்வையை இழுத்து மூடிக்கொள்வதா என்று தெரியவில்லை. நீங்கள் வந்தால் எந்தச் சேலையில் வருவீர்கள்?

மயில்நீலத்தை மடித்து ஜெனிக்கென்று வைத்துவிட்டேன். சகாயாவை உங்களைப் போல் நடக்கவோ சமைக்கவோ நான் சொல்ல மாட்டேன், யாரையும் சொல்லவும் விட மாட்டேன். உங்கள் இடம் உங்களுக்கு, அவர்கள் இடம் அவர்களுக்கு. இது சத்தியம்.

இதையெல்லாம் நேரில் சொல்லத்தான் நேற்று கல்லறைத் தோட்டத்துக்கு வந்தேன். மெழுகுவத்தி ஏற்றி, கண்ணை மூடி, ஒன்றுவிடாமல் சொல்லி அழுதேன். எழுந்து பார்த்தால் அது பக்கத்துக் கல்லறை. அந்தோணி என்று ஒரு பெரியவர். அவர் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
அண்ணன் யாரைக் கட்டினாலும் உங்களுக்கு நாத்தனாராகவே இருக்கும்
ரோசம்மாள்